மினி புரொஜெக்டர் ஒன்றும் மார்க் போடுகிற ஆறு பேரும்

பெட்டியின் மேல் 9,500 லூமன் என்று, அதாவது வெளிச்சத்தின் அளவு, கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அந்த எண்ணை நம்பி இதை வாங்கவேண்டாம். வேறு காரணங்களுக்காக வாங்கலாம். நாங்கள் வாங்கினோம், வைத்திருக்கிறோம், விற்கிற யோசனையும் இல்லை. வருகிறவர் போகிறவர் எல்லாரும் "என்ன விலை, எப்பிடி, நல்லமா?" என்று கேட்கிறபடியால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

சாமான் இதுதான்: ஒரு கையில் தூக்கக்கூடிய, உருளை வடிவ மினி புரொஜெக்டர். உள்ளே அண்ட்ரொய்ட் இருக்கிறது, வைஃபை இருக்கிறது, ஒரு எச்டிஎம்ஐ, ஒரு யூஎஸ்பி, ஹெட்போன் குத்துகிற ஓட்டை ஒன்று. கம்பனிப் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியும் பிரயோசனமில்லை, இதே உடம்பு, இதே ரிமோட், இதே மெனு கடைக்குக் கடை வேறு பெயரில் வருகிறது. மட்டக்களப்புப் பக்கம், காத்தான்குடி மெயின் வீதியில் ஒரு கடையில் 22,500 ரூபாய்க்கு எடுத்தோம். ஆறு பேர் பங்கு போட்டோம், ஆளுக்கு 3,750.

அந்த ஆறு பேரைப் பற்றிச் சொல்லாமல் சாமானைப் பற்றிச் சொல்ல முடியாது. ஏ.எல். ரியூசன் காலத்திலிருந்து பழகுகிற நாங்கள் நான்கு பெண்கள். நான் பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். ஒருத்தி போதனா வைத்தியசாலையில் நர்ஸ். கல்லடியில் அவளுடைய வீட்டு ஹோலில்தான் படம் ஓடும். ஒருத்தி நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற டீச்சர். ஒருத்தி காத்தான்குடி, தையல் கடை வைத்திருக்கிறாள். பிறகு என் மச்சான், லொஜிக் இல்லாத படத்தைப் பார்த்தால் அவனுக்கு அன்றிரவு நித்திரை வராது. கடைசியாக வங்கியில் வேலை செய்யும் தம்பி ஒருவன், எந்தப் படத்துக்கும் 8 போடுகிறவன். நர்ஸின் மனிசனும் கதிரையில் இருப்பார். அவரைக் கணக்கில் எடுப்பதில்லை, முதல் பாட்டுக்கே குறட்டை தொடங்கிவிடும்.

2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில்தான் இந்தக் கூட்டம் சேர்ந்தது. கந்தோர் லப்டொப்பில் பற்றரி இருக்கிற மட்டும் பார்ப்போம், பற்றரி முடிந்ததும் முடிவை நாங்களே சொல்லிச் சண்டை பிடிப்போம். ஆறு தலை ஒரு லப்டொப்பைப் பார்ப்பதென்றால் பக்கத்தில் இருக்கிறவனுக்கு நிறமே மாறித்தான் தெரியும். அந்தக் கரைச்சலில்தான் புரொஜெக்டர் கதை வந்தது.

சரி, லூமனுக்கு வருவோம். எங்கள் கந்தோரில் ஒரு புரொஜெக்டர் இருக்கிறது, 3,300 லூமன். டியூப் லைட் எரியும்போதே அதில் எக்செல் அட்டவணை வாசிக்கலாம். இது அதைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று பெட்டி சொல்கிறது. பின்னேரம் நாலரைக்கு யன்னல் சீலையை விலக்கிப் பாருங்கள், படம் எங்கே போனதென்று தேடவேண்டும். விசயம் என்னவென்றால், பெட்டியில் இருப்பது உள்ளே இருக்கிற எல்ஈடி விளக்கைப் பற்றிய ஏதோ ஒரு கணக்கு. சுவரில் விழுகிற வெளிச்சத்தை அளக்கிறதுக்கென்று ஏஎன்எஸ்ஐ என்றொரு முறை இருக்கிறது. படம் விழுகிற இடத்தை ஒன்பதாகப் பிரித்து, ஒன்பது இடத்திலும் அளந்து, சராசரி எடுப்பார்கள். இந்தச் சாமானோடு வந்த கைப்புத்தகத்தின் உள்பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில், 200 ஏஎன்எஸ்ஐ லூமன் என்று இருக்கிறது. வெளியே 9,500, உள்ளே 200. கடையில் பெட்டியைப் பிரிக்க விடமாட்டார்கள் என்றால் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். 'ஏஎன்எஸ்ஐ' என்ற சொல் எங்குமே இல்லாத சாமானை அங்கேயே வைத்துவிட்டுக் கிறுகி வாருங்கள்.

200 என்பது மோசம் என்று நான் சொல்லவரவில்லை. அதை எவ்வளவு பெரிய சுவரில் பரப்புகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் நாங்கள் எல்லாரையும் போல 100 அங்குலத்துக்கு இழுத்தோம். அதாவது குறுக்காக மூலைக்கு மூலை 100 அங்குலம். பெரிசாகப் பார்க்கத்தானே புரொஜெக்டர் என்று தம்பி பிடித்த பிடி. படம் வெளிறிப்போய் நின்றது. டீச்சர்தான் "கொஞ்சம் கிட்டக் கொண்டு வாங்க" என்றாள். 80 அங்குலத்துக்குச் சுருக்கினோம். பரப்பளவு 100க்கு 64 ஆகிவிடுகிறது, வெளிச்சம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. தியேட்டரில் திரை வெளிச்சத்துக்கு 48 நிட் என்றொரு அளவு வைத்திருக்கிறார்கள். சாதாரண வெள்ளைச் சுவரில் எங்கள் 200 லூமனைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் 100 அங்குலத்தில் 23 நிட் மட்டில் வருகிறது, 80 அங்குலத்தில் 36. அரைத் தியேட்டருக்கும் முக்கால் தியேட்டருக்கும் உள்ள வித்தியாசம். தம்பி இன்றைக்கும் 100தான் வேண்டுமென்கிறான். அவனுக்கு 8 போட அது போதும்.

80 அங்குலம் சின்னது என்று நினைப்பவர்களுக்கு: 43 அங்குல ரீவியின் பரப்பைப் போல அது மூன்றரை மடங்கு. ஆறு பேருக்குத் தாராளம்.

சுவர் எப்படி இருக்கவேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நர்ஸ் வீட்டுச் சுவர் மெல்லிய மஞ்சள், அதில் எல்லா நடிகர்களுக்கும் செங்கமாரி. வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டிப் பார்த்தோம். கல்லடிக் காற்றுக்கு அது அசைய, கதாநாயகியின் மூக்கும் அசைந்தது, பின்பக்கத்தால் பாதி வெளிச்சமும் போனது. கடைசியில் பேனர் அடிக்கிற கடையில் அச்சடிக்காத வெள்ளை பிளெக்ஸ் துண்டு வெட்டி வாங்கினோம். மினுமினுப்பு இல்லாத பக்கத்தைக் கேட்டு வாங்கவேண்டும், இல்லாவிட்டால் நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு தெரியும். மேலேயும் கீழேயும் மரச்சட்டம், இரண்டு ஆணி. சட்டத்தைச் சுற்றிக் கறுப்புத் துணியில் ஒரு சாண் கரை வைத்துத் தைத்துத் தந்தவள் காத்தான்குடிக்காரி. அந்தக் கறுப்புக் கரை வந்த பிறகு படம் கூடுதலாகத் தெளிந்த மாதிரி இருக்கிறது. உண்மையில் தெளியவில்லை, கண்ணுக்கு ஒப்பிட ஒரு கறுப்பு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கறுப்புத்தான் இந்தச் சாமானின் பெரிய குறை. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் படத்துக்கு மார்க் போடுகிற ஆட்களுக்கு இது பெரிய விசயம்.

எங்கள் முறை இது. படம் முடிந்ததும் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. நான் கந்தோரில் கழித்துவிட்ட பழைய படிவங்களைக் கிழித்துக் கொண்டுவருவேன், அவற்றின் பின்பக்கத்தில் ஆளுக்காள் பத்துக்கு எத்தனை என்று எழுதி மடித்துச் சோளன் சட்டியின் மூடியில் போடவேண்டும். கதைக்கு, நடிப்புக்கு, சத்தத்துக்கு, ஒளிப்பதிவுக்குத் தனித்தனி. அதற்குப் பிறகுதான் கதைக்கலாம். இந்தச் சட்டம் வருவதற்கு முன் மச்சான் முதல் ஆளாக "இது படமா?" என்று தொடங்குவான், மற்ற எல்லாருக்கும் இரண்டு மார்க் இறங்கும். எழுதிப் போட்டபிறகு பார்த்தால், அவன் 3 போட்ட படத்துக்கு நர்ஸ் 9 போட்டிருப்பாள். அப்போதுதான் சண்டை சுவையாக இருக்கும்.

ஒரு முறை இரவில் நடக்கிற கொலைக்கதை ஒன்று போட்டோம். பெரிய பெயர் எடுத்த படம். ஒளிப்பதிவுக்கு நாலு பேர் 4க்குக் கீழே போட்டிருந்தோம். ஒரு சீட்டில் மட்டும் 9.

"ஆரு இந்த ஒன்பது?" என்றான் மச்சான்.

"நான்தான்," என்றாள் காத்தான்குடிக்காரி. "நான் இத கொழும்புல தியேட்டர்ல பாத்தன். அந்தக் குசினிச் சீன்ல சுவர் முழுக்க கை அடையாளம் இருக்கும். சின்னப்புள்ளட கை. அதப் பாத்துத்தானே அவன் ஆரெண்டு விளங்கும்?"

எங்கள் ஒருவருக்கும் கை தெரியவில்லை. "என்னடி புள்ள சொல்றாய், அந்தச் சீன்ல இருட்டுக்குள்ள ஆரோ ஆரையோ தள்ளினான், அவ்வளவுதானே," என்றாள் நர்ஸ். வாக்குவாதம் முற்றி, தம்பியின் போனில் அதே இடத்தைப் போட்டுப் பார்த்தோம். அவனுடையது நல்ல திரையுள்ள போன். படத்தை அந்த இடத்தில் நிறுத்தி, போனை பிளெக்ஸ் திரைக்குப் பக்கத்தில் பிடித்தான். போனில் கரும்பச்சைச் சுவர், அதில் மண்ணிறமாகச் சின்னச் சின்ன விரல்கள், ஐந்தாறு இடத்தில், கீழிருந்து மேலே ஏறிப்போகின்றன. திரையில் அதே இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தேய்ப்பு. வேறொன்றும் இல்லை. கதையின் திறப்பே அந்த விரல்கள்தான். எங்களுக்கு இவ்வளவு நேரமும் கதை விளங்காமல் போனதற்கும் அதுதான் காரணம்.

ஏன் இப்படி என்றால், புரொஜெக்டரால் கறுப்பைச் சுவரில் பூச முடியாது. வெளிச்சத்தை மட்டும்தான் போட முடியும். கறுப்பு வரவேண்டிய இடத்தில் உள்ளே இருக்கிற எல்சிடி வெளிச்சத்தை மறிக்கவேண்டும். மலிவுச் சாமானில் அது முழுக்க மறிக்காது, கொஞ்சம் கசியும். போதாதென்று ஹோலின் வெள்ளைக் கூரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சமும் திரையில் வந்து விழும். ஆகவே கறுப்பு எல்லாம் சாம்பல், கரும்பச்சையும் கருநீலமும் மண்ணிறமும் எல்லாம் அதே சாம்பல். மெனுவில் 'பிரைட்னஸ்' கூட்டினால் சாம்பல் இன்னும் வெளிறும், விரல்கள் வராது. 'கொன்ட்ராஸ்ட்' குறைத்து, நிறச் சூட்டை 'வோர்ம்' என்று வைத்து, கூரை விசிறிக்குப் பக்கத்து லைட்டையும் அணைத்தால் ஒரு பத்து வீதம் முன்னேற்றம். அதற்கு மேல் எதிர்பார்க்கவேண்டாம்.

அன்றிலிருந்து எங்களிடம் ஒரு சட்டம்: இந்த மெஷினில் பார்த்த படத்துக்கு ஒளிப்பதிவு மார்க் கிடையாது. அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. வேறு இடத்தில் பார்த்தவர் மட்டும் போடலாம். 'படம் முழுக்க ஒரே இருட்டு' என்று எழுதுகிற நிறையப் பேர் எதில் பார்த்தார்கள் என்று எனக்கு இப்போதெல்லாம் ஒரு சந்தேகம். விமர்சனம் எழுதுகிறவர்கள் படத்தின் பெயருக்குக் கீழே 'பார்த்த கருவி' என்று ஒரு வரி போட்டால் நல்லது.

மறுபக்கமும் சொல்லவேண்டும். வெயிலில் எடுத்த படங்கள் இதில் சோக்காக இருக்கும். 1956இல் வந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ'வை டீச்சர் கொண்டுவந்தாள். அதுவரை சிங்களப் படங்களைப் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டூடியோக்களில் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் அவர் கமராவை ஸ்டூடியோவுக்கு வெளியே, கிராமத்துக்குக் கொண்டுபோனவர். ஆற்றங்கரை, பட்டம், பிள்ளைகளின் முகம், எல்லாம் பகல். பிளெக்ஸ் திரையில் அது பழைய படமென்றே தெரியவில்லை. அந்தக்காலத் தமிழ்க் கறுப்பு வெள்ளைப் படங்களும் அப்படித்தான். ஸ்டூடியோவில் முகத்துக்கு முகம் லைட் அடித்து எடுத்தவை, இருட்டில் ஒளிந்திருக்கிற விசயம் அவற்றில் குறைவு. அம்மாக்களோடு பார்க்கிறதென்றால் இந்தச் சாமானில் ஒரு குறையும் தெரியாது.

இனிச் சத்தம். வாங்குகிறவர்கள் எல்லாரும் லூமனையும் 4கேயையும் கேட்கிறார்கள், சத்தத்தை ஒருவரும் கேட்பதில்லை. உள்ளே 5 வோட்ஸ் ஸ்பீக்கர் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் நாங்கள். மேலே விசிறி, யன்னலில் காற்று, சாமானுக்குள்ளேயே சின்ன விசிறி ஒன்று 'உர்ர்' என்று சுற்றுகிறது. இதற்குள் கொங்குத் தமிழோ மதுரைத் தமிழோ வேகமாகக் கதைத்தால் எங்களுக்குப் பாதி விளங்காது. "என்னவாம்? என்னவாம்?" என்று ஆளையாள் கேட்டுக் கேட்டே அடுத்த சீன் வந்துவிடும்.

முதலில் புளூடூத் ஸ்பீக்கர் வைத்தோம். சத்தம் பெரிது, ஆனால் பிந்தி வருகிறது. புளூடூத்தில் சத்தத்தைச் சுருக்கி அனுப்பி, அந்தப் பக்கம் விரிப்பதற்குச் செக்கனில் ஐந்திலொரு பங்கு வரை எடுக்கும். பாட்டு மட்டும் கேட்பதென்றால் அது தெரியாது. படத்தில், ஆள் வாயை மூடினபிறகுதான் "ஐயோ" வரும். நடிப்புக்கு மார்க் போடுகிற டீச்சர் இதைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள். "வாயும் சொல்லும் சேராத ஆளுக்கு நான் எப்பிடி கா மார்க் போடுறது?" என்றாள். நியாயம்தானே.

தீர்வு மலிவு. நர்ஸ் வீட்டில் பழைய டிவிடி காலத்து சப்வூபர் செற் ஒன்று சும்மா கிடந்தது. ஹெட்போன் ஓட்டையிலிருந்து நீளமான ஓக்ஸ் வயர் ஒன்று இழுத்து அதில் குத்தினோம். வயரில் பிந்துவது கிடையாது. இன்னொன்று: ஸ்பீக்கரைப் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் வைக்கவேண்டாம், திரைக்குக் கீழே வையுங்கள். புரொஜெக்டர் எங்களுக்குப் பின்னால் இருக்கிறது, முகம் முன்னால் இருக்கிறது, குரல் முதுகில் இருந்து வந்தால் மூளை ஏற்காது. வயரின் நீளத்தைத் திரை வரைக்கும் அளந்து, கூடவே ஒரு யார் சேர்த்து வாங்குங்கள். மச்சான் கால் தடக்கி இரண்டு தரம் சப்வூபரோடு விழுந்திருக்கிறான், ஆகவே சுவரோரமாக விடுங்கள்.

சத்தம் சரியான பிறகு எங்கள் மார்க்குகளே மாறிவிட்டன. படம் மங்கலாக இருந்தும் கதைக்கு 7, 8 விழத் தொடங்கியது. டீச்சர் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறாள். இங்கே கூத்து பார்த்த சனம் பந்த வெளிச்சத்திலும் பெற்றோல்மக்ஸிலும், களரியைச் சுற்றி மண்ணில் இருந்து, விடிய விடியப் பார்த்தது. தூரத்தில் இருக்கிறவருக்கு முகம் எங்கே தெரியப்போகிறது? மத்தளமும் சல்லரியும் பாட்டும் காதில் சுத்தமாக விழுந்தால் போதும். வடமோடியா தென்மோடியா, ஆள் தாளம் தவறினானா, கூத்துப் பழக்கின அண்ணாவியார் முறைத்தாரா, எல்லாவற்றுக்கும் காலையில் தேத்தண்ணிக் கடையில் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். "நாங்க காதால பாக்கிற ஆக்கள்," என்பாள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள்தான், கூத்தில் உடுப்புக்கும் ஆட்டத்துக்கும் மார்க் இல்லையா என்று மச்சான் மடக்குவான். ஆனாலும் 22,500 ரூபாய்ச் சாமானைப் பொறுத்தவரை அவள் பக்கம்தான் நான். காசு கொஞ்சம் மிச்சமிருந்தால் இன்னொரு மேலான புரொஜெக்டருக்குப் போகாதீர்கள், ஸ்பீக்கருக்குப் போடுங்கள்.

மிச்ச விசயங்களை வேகமாகச் சொல்கிறேன்.

'4கே' என்று பெட்டியில் இருப்பதற்கு, 4கே படத்தை உள்ளே வாங்கும் என்றுதான் பொருள். வெளியே விடுவது 1280க்கு 720. 4கேயில் இருக்கிற புள்ளிகளில் ஒன்பதில் ஒன்று. 80 அங்குலத்தில், பத்தடி தள்ளி இருந்தால், அது பெரிய குறையாகத் தெரியாது. மூலைகள்தான் மங்கல். நடுவைக் கூராக்கினால் நாலு மூலையும் கலங்கும், மூலையைப் பிடித்தால் நடு கலங்கும். சப்டைட்டில் கீழே நடுவில் வருவதால் தப்பிக்கிறோம். சிங்களப் படம், மலையாளப் படம் என்றால் எழுத்தின் அளவை ஒரு படி கூட்டிவையுங்கள், நர்ஸுக்குக் கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம்.

'ஓட்டோ கீஸ்டோன்' என்று ஒன்று இருக்கிறது. சாமானைச் சரிவாக வைத்தாலும் படத்தைத் தானே சதுரமாக்கும். கேட்கச் சோக்குத்தான். ஆனால் அது செய்வது, இருக்கிற 720 வரியிலும் கொஞ்சத்தை வெட்டி எறிவது. படத்தைச் சுற்றிச் சாம்பலாக ஒரு வெளிச்சக் கரையும் தெரியும். நாங்கள் அதை நிறுத்திவிட்டு, ஸ்ரூல் மேல் இரண்டு தடித்த புத்தகங்கள் வைத்து உயரத்தைத் திரைக்கு நேராக எடுத்திருக்கிறோம்.

உள்ளே வருகிற அண்ட்ரொய்ட் கடையில் காட்டும்போது மட்டும் வேகம். ஓடிடி செயலிகள் சில ஏறவே மாட்டா, ஏறினாலும் எஸ்டி என்ற குறைந்த தரத்துக்கு மேல் தரமாட்டா. காப்புப் பூட்டுக்கான வைட்வைன் எல்1 என்ற சான்று இதில் இல்லை, அதனால்தான். சந்தா கட்டி எஸ்டியில் பார்ப்பதற்கு மனம் வராது. எச்டிஎம்ஐயில் சான்று பெற்ற ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றைக் குத்தினோம், அந்தப் பிரச்சினை முடிந்தது. அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் செலவு பயப்படுகிற மாதிரி இல்லை. லேபலில் 60 வோட்ஸ். மூன்று மணி நேரப் படத்துக்கு 0.18 யூனிட், ஒரு யூனிட்டில் அஞ்சு படம் பார்க்கலாம். சப்வூபரும் விசிறியும் வேறு கணக்கு. பெட்டியில் வருகிற பிளக் தட்டைக் கால் இரண்டு கொண்டது, இங்கே உள்ள பொயின்றுகளுக்கு அடப்டர் தேவை. லூசான அடப்டரைக் குத்தினால் கிளைமக்ஸில் அணையும்.

சூடு கவனம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இரவு ஒன்பது மணிக்கும் ஹோல் கொதிக்கும். அப்போது சாமானின் விசிறி இரைகிற இரைச்சலும் கூடும், ஃபோகஸும் மெல்ல நழுவும். அரை மணிக்கொருக்கா எழும்பித் திருகவேண்டும். தமிழ்ப் படத்தில் இடைவேளை இருப்பது இதற்கு வசதி. ஓடிடியில் இடைவேளை அட்டையை வெட்டிவிடுகிறார்கள், ஆனால் எழுதினவர் இடைவேளை வைத்துத்தான் எழுதியிருக்கிறார், பார்க்கத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்துவோம். பிளேன்ரீ வரும், அவிச்ச சோளன் வரும், சாமானுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். பின்பக்கத்து ஓட்டைகளைத் துணியால் மூடாமல், சுவரோடு ஒட்டாமல் வையுங்கள்.

மழை தொடங்குகிற காலத்தில் ஈசல். ஹோலில் எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு வெளிச்சத்தை வைத்தால் ஊர் ஈசல் முழுக்க அதற்குத்தான் வரும். லென்ஸுக்கு முன்னால் ஒன்று பறந்தால் திரையில் கழுகு. ஒன்று லென்ஸிலேயே இருந்து சிறகைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனது, அந்தச் சிறகு வில்லனின் முகத்தில் மங்கல் நிழலாகச் சீன் முழுக்க நின்றது. விறாந்தையில் இன்னொரு லைட்டைப் போட்டுவிட்டு யன்னலைச் சாத்துங்கள், பாதி அங்கே போகும்.

கடல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. படத்தில் அசையாத சாம்பல் புள்ளி தெரிந்தால் அது தூசு, உள்ளே போய்விட்டது. மலிவுச் சாமான்களில் ஒளி போகிற பாதை மூடியிருக்காது. காத்தான்குடிக்காரியின் காக்கா, அதாவது அண்ணன், ரீவி திருத்துகிறவர். அவர் ஆணிகளைக் கழற்றி, ஊதுகிற பம்பால் துப்புரவாக்கித் தந்தார். "இத மண்ணுக்கயும் உப்புக்காத்துக்கயும் வெச்சி ஓட்டாதீங்க, வேல முடிஞ்சதும் பேக்ல போட்டு வைங்க," என்றார். அதுவே செய்கிறோம். கடையில் ஆறு மாத வாரண்டி என்று ஸ்டிக்கர் ஒட்டித் தந்தார்கள். கழற்றினால் அது போய்விடும் என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

வளவில் போடலாமா என்று கேட்பவர்களுக்கு: போடலாம். நாங்கள் பௌர்ணமிப் போயாவுக்கு முதல் நாள் இரவுகளில் போடுவோம், அடுத்த நாள் லீவு என்பதால். நிலா வெளிச்சம் படத்தைக் கெடுக்கும் என்று பயந்தோம். கெடுக்கவில்லை. ஓரிடத்தில் விழுகிற வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள்; முழு நிலவின் வெளிச்சம் ஒரு லக்ஸின் காற்பங்குதான், எங்கள் திரையில் விழுவது நூற்றுக்குக் கிட்ட. கெடுப்பது முன்வீட்டு வாசல் எல்ஈடி பல்ப். போய்க் கேட்டால் அணைப்பார்கள், அணைத்துவிட்டுக் கதிரையோடு அவர்களும் வருவார்கள். காற்று அடிக்கிற நாளில் பிளெக்ஸுக்குக் கீழ்ச்சட்டத்தில் கல் கட்டுங்கள்.

இப்படி ஒரு வளவுப் படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு விளையாட்டுக் கழகப் பெடியன்கள் மைதானத்தில் ரிக்கற் வைத்து ஓட்டச் சாமானைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. வீட்டுக்குள் நண்பர்களோடு பார்ப்பது வேறு. சனத்தைக் கூட்டி ஓட்டுவதென்றால் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி உரிமைக்காரரிடம் அனுமதி வாங்கவேண்டும். அதோடு 200 லூமனில் மைதானத்தில் என்ன தெரியும்? முதல் வரிசைக்கே தலையின் நிழல்தான் தெரியும். கழகம் கேட்டால் கந்தோரில் வாடகைக்கு எடுக்கிற பெரிய புரொஜெக்டரைக் காட்டிவிடுங்கள்.

யார் வாங்கலாம்? ஆளாளுக்குப் போனில் பார்த்துவிட்டுக் குரூப்பில் சண்டை பிடிப்பது அலுத்துப்போன ஐந்தாறு பேர் இருந்தால், ஒரு இருட்டான ஹோலும் பழைய ஸ்பீக்கர் செற்றும் இருந்தால், வாங்கலாம். பகலில் கிரிக்கெட் பார்க்க என்றால் வேண்டாம், அந்தக் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு ரீவி வாங்குங்கள். தனியாக இருந்து நுணுக்கமாகப் படம் பார்க்கிற ஆள், ஒளிப்பதிவுக்காகவே பார்க்கிற ஆள், இதைத் தொடவே வேண்டாம். நல்ல திரையுள்ள போன் இதைவிட உண்மை சொல்லும்.

எங்கள் ஆறு பேரிடமும் சாமானுக்கே மார்க் கேட்டேன், அதே சோளன் மூடியில். படத்துக்கு 5, சத்தத்துக்கு வயர் குத்தமுன் 2, குத்தினபின் 7, காசுக்கு 8 என்று சராசரி வந்தது. ஒரு சீட்டில் எல்லாக் கட்டத்திலும் 8 இருந்தது, அது ஆரென்று சொல்லத் தேவையில்லை. மச்சான் ரிமோட்டுக்குத் தனியாக ஒரு கட்டம் கீறி 0 போட்டிருந்தான். அவன் சொல்வதும் சரிதான். பொத்தான்களில் வெளிச்சம் இல்லை, இருட்டில் தடவித்தான் அமத்தவேண்டும், நிறுத்தப் போய் முதலிலிருந்து தொடங்கிவிடும். பொத்தானில் ஒரு துளி நகப்பூச்சு வைத்தால் விரலுக்குப் பிடிபடும், நர்ஸ் அப்படித்தான் செய்திருக்கிறாள். அதற்குப் போடுகிற ஏஏஏ பற்றரி இரண்டும் பெட்டியில் வராது, கடையை விட்டு வெளிக்கிடும்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.